கன்டெய்னரை நிறுத்தியது யார்? 143, 137 எண்களோடு நம் அனுபவங்கள்

கன்டெய்னர்களை (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிகளை) நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் செயலிகளை ஏற்றுகிறவர்களில், பாட் (கன்டெய்னர்களைத் தாங்கும் சிறு அலகு) ஓயாமல் மறுதொடக்கம் ஆவதைப் பார்க்காதவர் அரிது. அப்போது பெரும்பாலோர் முதலில் புரட்டுவது லாகைத்தான். முந்தைய கன்டெய்னர் எந்த எக்ஸிட் கோடோடு (முடியும்போது விட்டுச்செல்லும் எண்) முடிந்தது என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும் என்பது என் கருத்து. அண்மையில் கண்ட ஒன்றை எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குச் செயலி, ஜாவாவின் ஸ்ப்ரிங் பூட்டில் எழுதப்பட்டது, விர்ச்சுவல் மெஷினில் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கிளவுடுக்கு மாற்றியபோது யாமல் கோப்பில் (குபர்நெட்டீஸுக்குத் தரும் அமைப்புக் கோப்பு) சிபியு லிமிட் அரை கோர் என்று இருந்தது. லைவ்னஸ் ப்ரோபுக்கு (செயலி உயிரோடிருக்கிறதா என்ற சோதனை) பாதையும் போர்ட்டும் மட்டும் தரப்பட்டு, மற்ற எண்கள் டீஃபால்ட்டாகவே விடப்பட்டிருந்தன. மடிக்கணினியில் சில நொடிகளில் எழுந்துவிடும் செயலி, கிளஸ்டரில் (குபர்நெட்டீஸ் ஓடும் கணினிக் கூட்டம்) எழவே இல்லை. லாகில் ஒரு பிழைகூடக் கிடையாது. ஸ்ப்ரிங்கின் தொடக்க வரிகள் வரிசையாக வரும்; டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறக்கும் இடத்தில் அறுந்து நிற்கும்; மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும்.

பாட் விவரத்தை எடுத்துப் பார்த்தால் எக்ஸிட் கோடு 143. 128-உடன் சிக்னல் (இயங்குதளம் செயலிக்கு அனுப்பும் அறிவிப்பு) எண்ணைக் கூட்டி வருவது அது. 15 என்பது சிக்டெர்ம், முறைப்படி முடித்துக்கொள் என்னும் சிக்னல். ஆகவே செயலி தானாக விழவில்லை, யாரோ அதை முறைப்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’, ஒவ்வொரு கணினியிலும் பாட்களைக் கவனிக்கும் குபர்நெட்டீஸ் நிரலான க்யூப்லெட்தான். டீஃபால்ட் அமைப்பில் அது 10 நொடிக்கு ஒரு முறை சோதிக்கிறது, ஒவ்வொரு சோதனையிலும் பதிலுக்கு 1 நொடி மட்டுமே காத்திருக்கிறது, தொடர்ந்து 3 முறை தவறினால் கன்டெய்னரை நிறுத்திவிடுகிறது. அதாவது செயலிக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ அரை நிமிடம். அரை கோர் என்பதோ ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 50 மில்லிநொடி சிபியு நேரம் என்றே பொருள்படும். ஜேவிஎம் (ஜாவா செயலியை ஓட்டும் மென்பொருள்) எழும்போது கம்பைலர் த்ரெட்களும் சேர்ந்து ஓடுவதால் அந்தப் பங்கு விரைவில் தீர்ந்து, மீதி நேரம் முழுவதும் செயலி சும்மா நிறுத்திவைக்கப்படுகிறது.

இத்தகைய இடத்தில் இனிஷியல் டிலேயை (முதல் சோதனைக்கு முன் காத்திருக்கும் நேரம்) கூட்டிவைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செயலி சீக்கிரம் எழுந்துவிட்ட நாளிலும், அந்த நேரம் கழியும் வரை சோதனை நடக்காது. நாங்கள் ஸ்டார்ட்அப் ப்ரோப் (செயலி எழுந்துவிட்டதா என்ற சோதனை) சேர்த்து, 10 நொடிக்கு ஒன்றாக 30 வாய்ப்புகள் கொடுத்தோம். அது வெற்றி பெறும் வரை மற்ற ப்ரோப்கள் தொடங்குவதில்லை. குபர்நெட்டீஸ் 1.20 பதிப்பிலேயே நிலைபெற்றுவிட்ட வசதி இது. இன்னும் எத்தனையோ யாமல் கோப்புகளில் காணக் கிடைப்பதில்லை.

பதில் 1

நீங்கள் 143-ஐச் சொன்னீர்கள். எங்களுக்கு வாய்த்தது 137, அதாவது 128-உடன் சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்) என்பதன் எண் 9. செயலி எழும், நன்றாக ஓடும், மாத இறுதி அறிக்கை தயாராகும்போது திடீரென்று மறையும். காரணம் என்ற இடத்தில் ஓஓஎம்கில்டு (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்றிருந்தது.

கன்டெய்னருக்கு மெமரி லிமிட் 1 ஜிபி. ஜேவிஎம் தானாக எடுத்துக்கொள்ளும் ஹீப் (செயலியின் ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) அதில் கால் பங்குதான் என்பதால், முன்பு யாரோ மேக்ஸ் ராம் பர்சன்டேஜை (ஹீப்புக்கான சதவீதம்) 90-க்கு உயர்த்தியிருந்தார்கள். லிமிட் முழுவதும் ஹீப்புக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாமே ஹீப்புக்கு வெளியே, ஆனால் அதே 1 ஜிபிக்கு உள்ளே. ஹீப் நிரம்பினால் ஜாவா அவுட் ஆஃப் மெமரி எரர் என்று லாகில் எழுதிவிட்டாவது சாகும். லிமிட்டைத் தாண்டினால் கர்னல் கொல்லும், ஒரு சொல்லும் எழுத விடாது. 70-க்குக் குறைத்து, லிமிட்டைச் சற்றே உயர்த்திய பிறகு அறிக்கை முழுமையாக வந்தது.

பதில் 2

137 என்றாலே மெமரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்கு எங்களிடம் ஒரு சான்று உண்டு. ஒவ்வொரு முறை புதிய பதிப்பை ஏற்றும்போதும் பழைய பாட்கள் 30 நொடி இழுத்துக்கொண்டு கிடந்து, பிறகு 137-உடன் முடிந்தன. காரணம் என்ற இடத்தில் ஓஓஎம்கில்டு இல்லை, வெறும் எரர் என்றிருந்தது. மெமரி கிராஃபோ தட்டையாகவே இருந்தது.

டாக்கர்ஃபைலில் (கன்டெய்னரைக் கட்டும் குறிப்புக் கோப்பு) என்ட்ரிபாயின்டாக, அதாவது முதலில் ஓடுவதாக, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. அது சில என்விரான்மென்ட் மாறிகளை அமைத்துவிட்டுக் கடைசி வரியில் ஜாவாவைத் தொடங்கியது. ஆகவே பிராசஸ் எண் 1 ஷெல்தான், செயலி அதன் பிள்ளை. சிக்டெர்ம் ஷெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது; அது பிள்ளைக்கு அனுப்பவில்லை; தானாக அடங்கத் தரப்படும் 30 நொடித் தவணை முடிந்ததும் சிக்கில் வந்தது. கடைசி வரியின் முன்னால் எக்ஸெக் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஷெல்லின் இடத்தில் ஜாவாவே அமர்ந்தது, செயலி ஓரிரு நொடியில் அடங்கியது.

ஆனால் அதன்பின் சில பயனர்களுக்குப் பிழை வரத் தொடங்கியது. பாட் முகவரியைச் சர்வீஸிலிருந்து (கோரிக்கைகளைப் பாட்களுக்குப் பிரித்தனுப்பும் அமைப்பு) நீக்குவதும் சிக்டெர்ம் அனுப்புவதும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன; நீக்கம் எல்லா நோடுகளையும் (கிளஸ்டரின் கணினிகள்) எட்டுமுன் செயலி கதவைச் சாத்திவிட்டால், வந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் சுவரில் மோதும். ப்ரீஸ்டாப் ஹூக்கில் (சிக்டெர்முக்கு முன் ஓடும் படி) 10 நொடி ஸ்லீப் வைத்தோம். அந்த நொடிகளும் 30 நொடித் தவணைக்குள்ளேயே கழிவதால், நீண்ட நேரம் ஓடும் கோரிக்கைகளுக்காகத் தவணையை 60 ஆக்கினோம்.