நோக்கர் தூதகத்துக்கு விலக்குரிமையா, காப்பா?

வணக்கம் நண்பர்களே,

நோக்கர் தூதகம், அதாவது ஐ.நா.வில் வாக்கில்லாமல் அமரும் நோக்கரின் அலுவலகம் (அப்சர்வர் மிஷன்), பற்றித் தமிழில் எழுதும்போது, இம்யூனிட்டிக்கு, அதாவது தூதர் போன்றோர் மீது உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாத நிலைக்கு, 'விலக்குரிமை' என்று முடித்துவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தித்தாள்களில் பழகிய சொல்தான், சரி. ஆனால் பன்னாட்டு அமைப்புகளுக்கென்று அமெரிக்கா 1945இல் இயற்றிய சட்டத்தைத் தமிழாக்க உட்கார்ந்தால் உடனே இடிக்கும், ஏனென்றால் அதில் பிரிவிலெஜ், எக்ஸெம்ப்ஷன், இம்யூனிட்டி மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலாவது சிறப்புரிமை, அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, வரிவிலக்கு சுங்கவிலக்கு என்று நாம் தினமும் சொல்லும் விலக்கு. மூன்றாவதுக்கும் அதையே போட்டால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

பொருளும் தவறிப் போகிறது. தூதுவ உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 41ஆம் பிரிவுப்படி, தூதர் தான் பணியாற்றும் நாட்டின் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும். சட்டம் அவருக்கும் உண்டு. அந்நாட்டு நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது, அவ்வளவுதான். 32ஆம் பிரிவின்படி அவரை அனுப்பிய நாடே இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால் விசாரணை நடக்கும். ஆகவே என் பரிந்துரை 'காப்பு'. தூதுவக் காப்பு, பணிசார் காப்பு, காப்பைத் துறத்தல் என்று எல்லா வடிவத்திலும் ஓடுகிறது. 'காப்புரிமை' என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள், அது பேடண்டுக்கும் காப்பிரைட்டுக்கும் போய்விட்டது.

நோக்கர் தூதகம் என்று வரும்போது இந்தத் தெளிவு இன்னும் முக்கியம். ஐ.நா.வும் அமெரிக்காவும் 1947இல் செய்த தலைமையக ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளைப் பற்றியது; நோக்கர்கள் அதில் இல்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கம் 1974இல் ஐ.நா.வில் நோக்கரானது. பாலஸ்தீனர்கள் கடத்திய அக்கிலே லாரோ என்ற இத்தாலியப் பயணக் கப்பலில் 1985இல் கொல்லப்பட்ட அமெரிக்கப் பயணி லியோன் கிளிங்ஹோஃபரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், எங்கள் மீது வழக்கே தொடர முடியாது என்று அந்த இயக்கம் வாதிட்டது. 1991இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐரோப்பியச் சமூகங்களின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) ஆணையம் நாடல்ல, ஆனாலும் அமெரிக்காவில் உள்ள அதன் தூதகத்துக்குத் தூதரகங்களுக்கு உள்ள அதே உரிமைகளைத் தர 1972இல் தனிச் சட்டம் வந்தது. யாராவது சட்டமியற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

இப்படி உரிமைகளைக் கொடுப்பதை ஆங்கிலத்தில் எக்ஸ்டெண்ட் என்பார்கள், அதற்கு 'நீட்டித்தல்' வேண்டாம். நீட்டிப்பு என்றால் நமக்குக் கால நீட்டிப்புதான் நினைவுக்கு வரும். இந்தியாவின் 1947ஆம் ஆண்டு ஐ.நா. சிறப்புரிமைச் சட்டத்தில் மத்திய அரசு அரசிதழில் அறிவித்து மற்ற அமைப்புகளுக்கும் சிறப்புரிமைகளையும் காப்பையும் தரலாம் என்று ஏற்பாடு இருக்கிறது, அங்கே 'உரித்தாக்குதல்' கச்சிதமாகப் பொருந்தும்.

அப்புறம், நோக்கர் தூதகத்தைக் 'கண்காணிப்புக் குழு' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இலங்கையில் 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் நோர்டிக் நாட்டவர் வந்து செய்தது கண்காணிப்பு. ஐ.நா. அவையில் வாக்கில்லாமல் அமர்ந்திருப்பவர் நோக்கர். 'பார்வையாளர்' என்பதைத் தேர்தல் ஆணையம் எடுத்துக்கொண்டது, அதோடு அந்தச் சொல் மைதானத்தில் ஆட்டம் பார்ப்பவரையும் குறிக்கும்.

தூதக வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பதற்கு (இன்வயலபிலிட்டி) 'மீறவொண்ணாமை' என்று வைத்திருக்கிறேன். வாயில் நுழையச் சிரமமாக இருக்கிறது, இதைவிட எளிதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.