விசிட் விசாவில போனா அது ஆட்கடத்தல் இல்லையோ?

வல்லையூரான்:
மற்றத் திரியில ஒருத்தர் எழுதினதை வாசிச்சிட்டு நித்திரை வரேல்லை. 2022இல ஓமானில மாட்டின எங்கட இலங்கைப் பெண்டுகள் "விசிட் விசாவில தெரிஞ்சுதான் போனவை, அதை ஆட்கடத்தல் எண்டு சொல்லக்கூடாது" எண்டு எழுதியிருக்கிறார். வீட்டு வேலை எண்டு கூட்டிக்கொண்டுபோய் விலை பேசினவனுக்கு என்ன பேர் வைக்கிறது? கலியாணப் புரோக்கரோ?

சங்குப்பிட்டி:
எழுதினது நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், பயப்பிடாதேங்கோ. என்ர கேள்வி ஒண்டுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில கேக்கேக்குள்ள "சுத்திப்பாக்கப் போறன்" எண்டு சொன்னது ஆர்?

மூதூர்ப்பிள்ளை:
சொல்லிக் குடுத்தது சப் ஏஜென்ட். எங்கட ஊர் ரிசானாவுக்கு 17 வயசு, பாஸ்போட்டில 23. 2005இல வீட்டு வேலைக்கு அனுப்பினாங்கள், பார்த்துக்கொண்ட குழந்தையைக் கொண்டதெண்டு குற்றம் சாட்டி 2013 ஜனவரியில சவூதியில தலையை வெட்டினாங்கள். அந்தப் பிள்ளையும் தெரிஞ்சுதான் போனதோ?

சங்குப்பிட்டி:
அது வேற கேஸ். நான் விசிட் விசாவைப் பற்றிக் கதைக்கிறன்.

சட்டக்கொப்பி:
ஆட்கடத்தலைத் தடுக்க ஐ.நா. கொண்டுவந்த 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறைப்படி ஏமாத்தி வாங்கின சம்மதம் சம்மதமே இல்லை. ஆளை விக்கிறதும், காசு வாங்கிக்கொண்டு களவா எல்லை தாண்ட விடுறதும் வேற வேற குற்றம். நாங்கள் ரெண்டுக்கும் ஆட்கடத்தல் எண்ட ஒரே சொல்லைப் பாவிச்சுக் குழப்புறம்.

சங்குப்பிட்டி:
நன்றி ஐயா, சோதினை வரேக்குள்ள பாடமாக்கிறன். பலெர்மோவில விசிட் விசா எத்தினையாம் பக்கம்?

வல்லையூரான்:
அந்த விசாவை எடுத்துக் குடுத்ததே கடத்தினவன்தான் அண்ணை! ஓமானில இருந்த எங்கட தூதரக அதிகாரி ஒருத்தரையே 2022 நவம்பரில கைது செய்தவங்கள். 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை உள்ள தாய்மாரை வேலைக்கு விடுறேல்லை எண்டு 2013இல குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தாங்கள். படலையைப் பூட்ட, சனம் வேலியால போச்சு. வேலியடியில நிண்டு காசு வாங்கினவனைப் பற்றி ஒரு வரி எழுதினீங்களோ?

சங்குப்பிட்டி:
வேலியால போனது எண்டு நீரே எழுதிப்போட்டீர். அந்த வேலிக்குப் பேர்தான் விசிட் விசா.

பனிக்காடு:
அதே நவம்பரில வியட்நாம் பக்கத்துக் கடலில எங்கட சனம் 303 பேரை ஜப்பான் கப்பல் காப்பாத்தினது. அவையையும் கடத்தினதெண்டு சொல்லுவியளோ? காசு கட்டி, கனடா எண்டு தெரிஞ்சு ஏறின சனம். எல்லாரையும் பாவமாக்காதேங்கோ.

சங்குப்பிட்டி:
கனடாக்காரர் தான் எந்த விசாவில போனவர் எண்டதை முதலில சொல்லட்டும்.

பனிக்காடு:
2010இல சன் சீ எண்ட கப்பலில கனடாவுக்கு அகதியா வந்த 492 பேரில நானும் ஒருத்தன். என்னட்ட விசா கேக்க நீர் ஆர்?

சங்குப்பிட்டி:
ஓ, விசாவே இல்லை! அப்ப விசிட் விசாக்காரர் உம்மை விட ஒரு படி மேல.

மூதூர்ப்பிள்ளை:
பனங்கள்ளுத் திரியிலையும் இவர் இப்பிடித்தான். ஒரே சொல்லை நாற்பது தரம் எழுதி எல்லாரையும் கலைச்சவர்.

சங்குப்பிட்டி:
அந்தத் திரியில வெண்டது ஆர் எண்டும் சொல்லுமன்.

வல்லையூரான்:
கம்ப்யூட்டர் வேலை எண்டு தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், மியன்மாரில மியாவடி எண்ட ஊரில இணைய மோசடி முகாமில பூட்டிவைச்சு அடிச்ச பெடியள்? அவங்களும் சுற்றுலா எண்டுதான் இறங்கினவங்கள். முதுகில தழும்பு கிடந்தாலும் உமக்கு விசா முத்திரைதான் தெரியும்.

சங்குப்பிட்டி:
சுற்றுலா எண்டா விசிட்தானே? பாத்தீங்களோ! நாளைக்கு இதுக்குத் தனித்திரி திறக்கிறன், எல்லாரும் வாங்கோ. கனடாக்காரர் விசா எடுத்துக்கொண்டு வரட்டும்.