டேப்லெட்டின் தரத்தை இயங்குதளத்தை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

பிழைதிருத்தி:

அச்சுக்குப் போகுமுன் புத்தகப் பக்கங்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் பிடிஎஃப் பக்கங்களைத் திரையில் பார்த்து, ஓரத்தில் பேனாவால் குறிப்பெழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட் புதிதில் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், பக்கத்தைத் திருப்பினால் எழுத்து முதலில் மங்கலாக வந்து, இரண்டு நொடி கழித்தே தெளிவடைகிற நிலைக்கு வந்துவிட்டது. தயாரித்த நிறுவனம் ஒரே ஒரு முறை இயங்குதளத்தைப் புதுப்பித்தது, பிறகு கைகழுவிவிட்டது.

அதே வீட்டில் 2014-இல் வெளிவந்த ஐபேட் ஏர் 2 ஒன்றும் கிடக்கிறது. பேட்டரி தேய்ந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை சார்ஜ் கேட்கிறதே தவிர, பக்கம் புரட்டுவதில் இன்றும் சுணக்கம் இல்லை. ஆனால் ஆப்பிள் பென்சில் அதில் வேலை செய்யாது என்பதால், என் வேலைக்கு அதை முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை.

"ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றாலே இப்படித்தான்" என்கிறார்கள் நண்பர்கள். ஒரு கருவி சரியில்லை என்பதற்காக ஓர் இயங்குதளத்தையே தள்ளிவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த வேறுபாட்டில் இயங்குதளத்தின் பங்கு எவ்வளவு, தயாரித்தவர்களின் பங்கு எவ்வளவு என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்ததை யோசித்து வாங்குவேன். விளையாட்டும் கேமராவும் எனக்குப் பொருட்டே அல்ல.

பழுதுபார்ப்பவன்:

நீங்கள் ஒரே தட்டில் வைக்க முடியாத இரண்டை ஒப்பிடுகிறீர்கள். ஐபேட் ஏர் 2 வெளிவந்த காலத்தில் ஆப்பிளின் டேப்லெட் வரிசையில் அதுதான் உச்சியில் இருந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு, நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், அடித்தட்டில் விற்கப்பட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் மிக நல்லதற்கும் மிக மோசமானதற்கும் இடையிலான தூரம் பெரிது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் எந்தச் சிப்பிலும் அதை ஏற்றி விற்கலாம். ஐபேடைச் செய்வது ஒரே நிறுவனம் என்பதால், அதன் விலை குறைந்த வகையும் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே இயங்குதளத்தின் பெயரைக் கேட்டால், தரம் எவ்வளவு கீழே போகக்கூடும் என்பது தெரியுமே தவிர, உங்கள் கைக்கு வரும் கருவியின் தரம் தெரியாது.

எழுத்து மங்கலாக வருவதற்குக் காரணம் இதுதான். 1920×1200 திரையை நிறைக்கும் ஒரு பக்கத்தைப் படமாக வரைந்து நினைவகத்தில் வைக்க, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 9 எம்பிக்கு மேல் வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் கூடும். படிக்கும் செயலி முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தயாராக வைத்திருக்கப் பார்க்கும். ரேம் எனப்படும் அந்தத் தற்காலிக நினைவகம் போதாவிட்டால் இயங்குதளம் அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் பக்கத்தைத் திருப்பும்போது செயலி முதலில் ஒரு மட்டமான படத்தைக் காட்டிவிட்டு, பிறகு முழுப் பக்கத்தையும் புதிதாக வரைகிறது. இதற்கு மேல் சேமிப்பகமும் இஎம்எம்சி வகையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வகையில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது; பின்னணியில் ஏதோ ஒரு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் உங்கள் பக்கம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். யூஎஃப்எஸ் வகைச் சேமிப்பகத்தில் இந்தத் தொல்லை இல்லை.

ரேம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆப்பிளின் வரிசையிலேயே சான்று இருக்கிறது. ஐபோன் 6, ஐபேட் மினி 4 இரண்டிலும் இருப்பது ஏ8 சிப். 1 ஜிபி ரேம் கொண்ட ஐபோன் 6, ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 12-ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது. 2 ஜிபி கொண்ட மினி 4, ஐபேட்ஓஎஸ் (ஐபேடுக்கான ஐஓஎஸ்) 15 வரை போயிற்று. 2013-இன் ஐபேட் ஏருக்கும் உங்கள் ஏர் 2-க்கும் இடையிலும் அதே 1 ஜிபி, 2 ஜிபி வேறுபாடுதான். முன்னது 12-இல் நின்றது, உங்களுடையது 15 வரை வந்தது.

கடையில் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது, பேனா முனையைக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பது. கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்டிருந்தால் முனையும் மையும் ஒன்றாகத் தொடும். ஒட்டப்படாதவற்றில் நடுவே ஒரு காற்றிடைவெளி தெரியும், கோடு முனைக்குச் சற்றுத் தள்ளிப் பிறப்பதுபோலத் தோன்றும். ஓர் எழுத்தின் புள்ளியைச் சுழிக்கும் உங்கள் வேலையில் இது எரிச்சலூட்டும். ஆப்பிளின் அடிப்படை ஐபேடில் 2025-இன் ஏ16 வகை வரைக்கும் இந்த இடைவெளி உண்டு. உங்கள் பழைய ஏர் 2-இல் கிடையாது.

திரையின் வடிவமும் முக்கியம். ஒரே 11 அங்குல மூலைவிட்டம் என்று வைத்துக்கொண்டால், இப்போதைய ஐபேடுகளின் 1.44:1 வடிவத்தில் ஓர் ஏ4 பக்கம் ஏறத்தாழ 56 சதுர அங்குலத்தில் விரியும். ஆண்ட்ராய்டில் பரவலாக இருக்கும் 16:10 வடிவத்தில் அது 48-தான்.

செயலி எழுதுபவள்:

வன்பொருளைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இயங்குதளத்தை இவ்வளவு எளிதாக விடுவித்துவிடவும் கூடாது. உச்சிவரிசை ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் செயலிகள் பல ஆண்டுகள் மட்டமாகவே இருந்தன. அதற்கு ரேம் காரணமல்ல.

2010-இல் வந்த முதல் கேலக்ஸி டேப், கைப்பேசிக்கென எழுதப்பட்ட ஆண்ட்ராய்டு 2.2-ஐக் கொண்டே வந்தது. டேப்லெட்டுக்கென்றே செய்யப்பட்ட ஆண்ட்ராய்டு 3.0, 2011 பிப்ரவரியில் மோட்டோரோலா ஜூமுடன் வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் 4.0 இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கியது. அதன் பிறகு பெரிய திரைக்கான கவனம் நெடுநாள் தூங்கிவிட்டது என்பதே என் அனுபவம். 2022 மார்ச்சில் பெரிய திரைக்கான ஆண்ட்ராய்டு 12எல், 2023-இல் கூகுளின் பிக்சல் டேப்லெட், அதையொட்டிக் கூகுள் தன் செயலிகளில் 50-க்கு மேற்பட்டவற்றைப் பெரிய திரைக்காகத் திருத்தியது என்று பிறகுதான் வேலை நடந்தது. ஆண்ட்ராய்டு 16 வந்தபின், அதை இலக்காகக் கொண்டு எழுதப்படும் செயலி "நான் நெட்டுவாக்கில் மட்டுமே திறப்பேன்" என்று அடம்பிடித்தாலும், குறுகிய பக்கம் 600 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவலகு) அல்லது அதற்கு மேல் உள்ள திரைகளில், அதாவது டேப்லெட் அளவுத் திரைகளில், இயங்குதளம் அதைப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு.

ஏன் இந்தத் தாமதம் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. ஐபோனுக்கென எழுதிய செயலியை ஐபேடில் திறந்தால், தொடக்க காலத்தில் அது நடுவில் ஒரு கைப்பேசி அளவுப் பெட்டியாக நின்றது, அல்லது இரண்டு மடங்காக ஊதிப் பெருத்தது. பார்க்கச் சகிக்காது. வாடிக்கையாளர் திட்டுவார் என்ற பயத்திலேயே ஐபேடுக்கெனத் தனியாக ஒன்றைச் செய்தோம். ஆண்ட்ராய்டிலோ அதே செயலி திரை முழுவதும் பதவிசாக நீண்டு நிற்கும். பொத்தான்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுபட்டிருந்தாலும் "வேலை செய்கிறதே" என்று மேலாளர் கையெழுத்திட்டுவிடுவார். நன்றாக நெகிழ்ந்து கொடுத்த ஏற்பாடே சோம்பலை வளர்த்துவிட்டது.

அதற்காக ஐபேடின் பக்கம் எல்லாமே நிறைந்திருந்தது என்றும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்புக்கு ஐபேட் வடிவம் வந்தது 2025 மே மாதத்தில், இன்ஸ்டாகிராமுக்கு அதே ஆண்டு செப்டம்பரில். ஆப்பிளே தன் கால்குலேட்டரை ஐபேடில் சேர்த்தது 2024-இல்! முதல் ஐபேட் வெளிவந்து 14 ஆண்டுகள் வரை, கூட்டல் கழித்தல் போடவும் வேறொருவரின் செயலியைத் தேட வேண்டியிருந்தது.

புதுப்பிப்பு நின்றுபோனதற்குத் தயாரித்தவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சிப் செய்யும் நிறுவனம் தன் இயக்கிகளை (சிப்பை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருளை) தர வேண்டும், பிறகு டேப்லெட் செய்பவர் அவற்றைப் பொருத்திச் சோதிக்க வேண்டும்; இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. ஆப்பிளில் சிப், கருவி, இயங்குதளம் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. 2017-இல் ஆண்ட்ராய்டு 8, சிப்பைச் சார்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்த பிறகு இந்தச் சிக்கல் தளர்ந்தது. சாம்சங் தன் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு தலைமுறைப் புதுப்பிப்புகளை வாக்களித்திருப்பது அத்தகைய மாற்றங்களின் பலன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு டேப்லெட்டின் விற்பனை முடிந்தபின் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பதும், பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டன. அடித்தட்டுக் கருவிகளை மேலே தூக்க இதைவிட வலுவான நெம்புகோல் எனக்குத் தெரியவில்லை.

கோட்டோவியர்:

நான் இரண்டு வகையிலும் வரைகிறவன், ஆகவே ஒரு திருத்தம். ஏ4 கணக்கு சரிதான், ஆனால் கேட்டவர் திருத்துவது புத்தகப் பக்கங்கள். 5.5-க்கு 8.5 அங்குலப் பக்கத்தை அதே இரண்டு 11 அங்குலத் திரைகளில் பொருத்திப் பாருங்கள்: இரண்டிலும் 52-ஐ ஒட்டிய சதுர அங்குலமே கிடைக்கும். வெட்டுக்குறிகளுடன் (அச்சான தாளை எங்கே வெட்டுவது என்று காட்டும் கோடுகளுடன்) ஏ4 தாளில் அனுப்பினால்தான் ஐபேடுக்கு அனுகூலம்.

பேனாவைப் பொறுத்தவரை நான் ஆண்ட்ராய்டின் பக்கம். சாம்சங்கின் எஸ் பென், வரைபேனாக்கள் செய்யும் வாகோம் நிறுவனத்தின் மின்காந்த முறையில் இயங்குவதால், எழுதுவதற்கு அதற்கு பேட்டரி தேவையில்லை. ஆப்பிள் பென்சிலை நினைவாகச் சார்ஜ் செய்ய வேண்டும். முக்கியமான நேரத்தில் அது உயிரை விட்டதும், விரலால் கோடு இழுத்து ஒப்பேற்றியதும் எனக்கு நடந்திருக்கிறது. கோப்புகளைக் கையாள்வதிலும் ஐபேட் தாமதமாகவே வளர்ந்தது: கோப்புகளுக்கென ஒரு செயலி 2017-இல் வந்தது, யூஎஸ்பி டிரைவைச் செருகித் திறக்கும் வசதி 2019-இல். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 2012-இன் 4.2 பதிப்பிலிருந்தே ஒரே கருவியை வீட்டில் பலர் தனித்தனிக் கணக்குகளில் பயன்படுத்த முடிகிறது. ஐபேடில் அந்த வசதி நிறுவனங்கள் நிர்வகிக்கும் கருவிகளுக்கு மட்டுமே.

மூன்றாவது இயங்குதளம் எதையாவது முயலலாமா என்று எண்ணினால் பழைய கதைகளை நினைவில் கொள்ளுங்கள். எச்பியின் டச்பேட் 2011 ஜூலையில் வந்து 49 நாளில் கைவிடப்பட்டது. அதன் இயங்குதளமான வெப்ஓஎஸ்ஸில், பல செயலிகளை ஒரே நேரத்தில் திறந்து கையாளும் முறை அன்றைக்கு மற்ற எவரிடமும் இல்லாத அளவு அழகு. அதே ஆண்டு வந்த பிளாக்பெர்ரி பிளேபுக், மின்னஞ்சலுக்குப் பெயர்போன நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் செயலி இல்லாமலே வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டியின் உடல் கட்டு நேர்த்தியானது. பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடவில்லை, 2013-இல் அந்த நிறுவனம் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது.

உங்கள் வேலையில் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, குறிப்பு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பது. சில செயலிகள் கோடுகளைத் தம் சொந்தக் கோப்பில் வைத்துக்கொள்ளும். நீங்கள் பிடிஎஃப்பை அனுப்புவீர்கள், பக்கம் வடிவமைப்பவர் திறந்தால் ஒரு குறியும் இருக்காது. வேறு சில, குறிப்பைப் பக்கத்தோடு படமாக உருக்கிவிடும். அவர் அதைத் தேடவும் முடியாது, சரிபார்த்து நீக்கவும் முடியாது. வாங்குமுன் ஒரு பக்கத்தில் நான்கு திருத்தங்களைச் செய்து, வேறொரு கணினியில் திறந்து, அவை பிடிஎஃப் குறிப்புகளாகப் பட்டியலில் தெரிகின்றனவா என்று பாருங்கள். இதில் தவறும் செயலிகள் இரு பக்கமும் உண்டு.

பிழைதிருத்தி:

மூவருக்கும் நன்றி. பழைய ஆண்ட்ராய்டைத் திறந்து பார்த்தேன்: 3 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பகம், அதில் 2 ஜிபிக்கும் குறைவாகவே காலியிடம். பாதியைக் காலிசெய்த பிறகு மங்கல் ஒரு நொடியாகக் குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. குறிப்புச் சோதனையையும் செய்தேன். இத்தனை நாள் நான் பயன்படுத்திய செயலி எல்லாவற்றையும் படமாக உருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. வடிவமைப்பவர் ஏன் திருத்தங்களைத் தவறவிடுகிறார் என்று அவரிடம் நான் கோபித்துக்கொண்டது வீண்.

எனக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை வெட்டுக்குறியுடன் ஏ4-இல் வருகின்றன. எனவே ஒட்டிய திரையும் 8 ஜிபி ரேமும் உள்ள இரண்டை, ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒன்று, என் 400 பக்கக் கோப்பு ஒன்றைக் கொண்டு சோதித்துவிட்டு முடிவெடுக்கிறேன். அதுவரை ஏர் 2-ஐ வைத்துக்கொள்ளலாமா?

பழுதுபார்ப்பவன்:

வைத்துக்கொள்ளலாம், வெறும் வாசிப்புக்கு. அதன் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது, திரையைச் சூடாக்கி எடுத்துத்தான் மாற்ற முடியும். திரையும் கண்ணாடியும் ஒரே துண்டாக இருப்பதால் கை தவறினால் இரண்டும் போகும். எனவே பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள். புதிய செயலிகள் பல ஐபேட்ஓஎஸ் 15-இல் நிறுவ மறுக்கும் என்பதால், இப்போது அதிலிருக்கும் வாசிப்புச் செயலியை மட்டும் தவறியும் நீக்கிவிடாதீர்கள். வங்கிக் கணக்கு போன்றவற்றை அதில் திறக்கவே வேண்டாம்.