மட்ரிட்டில் காசு கொடுக்காமல் எதையெல்லாம் பார்க்கலாம்? அம்மாவோடு போகிறோம்

கொக்குவிலாள்:
வணக்கம் எல்லாருக்கும். வாற சித்திரைக்கு நானும் அம்மாவும் பாரிஸில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறோம். அக்கா தன் பாட்டில் மட்ரிட்டுக்கும் விமான ரிக்கெற் போட்டுவிட்டா, மலிவாகக் கிடைத்ததாம். வெள்ளி இரவு போய் இறங்கி செவ்வாய் விடியத் திரும்ப வேணும், ஆகவே சனி, ஞாயிறு, திங்கள்தான் கையில். அம்மா எழுபது தாண்டிவிட்டா, முழங்கால் நோ. அக்காவுக்குப் பிரெஞ்சு குடியுரிமை, அவவின் மகனுக்குப் பதினாறு வயது, அம்மாவுக்கும் எனக்கும் எங்கடை இலங்கைப் பாஸ்போட்தான்.

பிராடோ மியூசியத்துக்கு மட்டும் ஆளுக்கு 15 யூரோ என்று போட்டிருக்கிறது. எங்கடை காசில் ஐயாயிரத்துக்கு மேல், அதுவும் ஒரு இடத்துக்கு. தெரிந்த ஒருவர் பின்னேரம் போனால் எல்லாம் இலவசம் என்கிறார், இன்னொருவர் அது ஐரோப்பியருக்கு மட்டும், உங்களை வாசலில் மறித்துவிடுவார்கள் என்கிறார். எது சரி? இலவச நேரத்தில் போனால் உண்மையில் ஏதும் பார்க்கக் கிடைக்குமா, இல்லை சனத்தின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வர வேணுமா? அங்கத்தைய அரச அரண்மனைக்குள் எங்களையும் விடுவார்களா?

வெலிங்டன் சந்தி:
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் வேறு வேறு இடங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மட்ரிட்டில் சில இடங்கள் மணிக்கூட்டைப் பார்த்து இலவசமாக விடும், சில இடங்கள் பாஸ்போட்டைப் பார்த்து விடும். நான் அங்கே படித்த காலத்தில் காசு கொடுத்து மியூசியம் பார்த்தது குறைவு, அதனால் இந்த விஷயம் கொஞ்சம் தெரியும்.

பிராடோ மணிக்கூட்டு வகை. திங்கள் முதல் சனி வரை பின்னேரம் 6 முதல் 8 வரை, ஞாயிறும் விடுமுறை நாட்களும் 5 முதல் 7 வரை, யார் எந்த நாடு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே எந்த நேரமும் இலவசம், ஆகவே மருமகனுக்குப் பிரச்சினையே இல்லை. ரெய்னா சோபியா (பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியம் இருக்கிற மியூசியம்) செவ்வாய் பூட்டு. மற்றக் கிழமை நாட்களிலும் சனியும் இரவு 7 முதல் 9 வரை இலவசம், ஞாயிறு மத்தியானம் 12.30 முதல் 2.30 வரை. தைசன் என்கிற ஓவிய மியூசியத்தின் நிரந்தரத் தொகுப்பு திங்கள் 12 முதல் 4 வரை இலவசம். தேசியத் தொல்லியல் மியூசியம் சனி 2 மணிக்குப் பிறகும் ஞாயிறு காலையும் இலவசம், மற்ற நேரத்திலும் 3 யூரோதான். நேரங்களை இடைக்கிடை மாற்றுவார்கள், போகிற கிழமை ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

அரண்மனை பாஸ்போட்டு வகை. திங்கள் முதல் வியாழன் வரை கடைசி இரண்டு மணித்தியாலம் இலவசம், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்களுக்கும், அங்கே வதிவிட அனுமதியோ வேலை அனுமதியோ உள்ளவர்களுக்கும், லத்தீன் அமெரிக்க நாட்டவருக்கும்தான். அக்கா உள்ளே போவா, நீங்களும் அம்மாவும் காசு கட்ட வேணும். லண்டன் பாஸ்போட்டும் சுவிஸ் பாஸ்போட்டும் கூட இந்தக் கணக்கில் வராது, வேறு யாரும் சேர்ந்து வருவதென்றால் முதலே சொல்லி வையுங்கள். இதைப் பெரிய அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன், சிகிரியாவில் வெள்ளைக்காரரிடம் டொலரில் வாங்கிக்கொண்டு எங்களைச் சில்லறைக் காசோடு விடுகிறார்கள்தானே. வெளியிலிருந்து அரண்மனை முற்றத்தைக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வடிவாகப் பார்க்கலாம். எதிரே அல்முதேனா தேவாலயம், அங்கே விரும்பினதைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு உள்ளே போய் அம்மா கொஞ்சம் இருக்கலாம்.

பழைய பூங்கா:
தங்கச்சி, மியூசியங்களை விட்டுவிட்டு ஒரு இடம் சொல்கிறேன், அதற்கு நேரமும் இல்லை, ரிக்கெற்றும் இல்லை. பிளாசா மயோர் என்கிற பெரிய சதுக்கம். நடுவில் குதிரையில் ஒருவர் இருப்பார், மூன்றாம் பிலிப். யாழ்ப்பாணத்து ஆள் அவரை ஒருதரம் நின்று பார்க்கத்தான் வேணும். 1619 இல் சங்கிலியனைப் பிடித்துக்கொண்டு போய் எங்கடை இராச்சியத்தை முடித்தபோது அரசராக இருந்தவர் இவர்தான். அந்தச் சதுக்கத்தை 1617 இல் கட்டத் தொடங்கி முடித்ததும் அதே 1619 இல். இங்கே நல்லூரில் ஒரு அரசு விழுகிறது, அங்கே அவருக்குச் சதுக்கம் கட்டி முடிகிறது.

லாச்சப்பல்:
அண்ணை, சும்மா கதை விடாதீங்கோ. யாழ்ப்பாணத்தைப் பிடித்தது போர்த்துக்கேயர், ஒலிவேறா. ஸ்பானியருக்கும் எங்களுக்கும் என்ன?

மற்றது, கேட்ட சகோதரிக்கு: இலவச நேரத்தை நம்பிப் பிராடோ போகாதேங்கோ. இரண்டு மணித்தியாலம் என்பது பேச்சுக்குத்தான். ஐந்து மணிக்கே லைன் கட்டிடத்தைச் சுற்றி வளைந்து நிற்கும், முழங்கால் நோ உள்ள அம்மாவை அந்த லைனில் நிறுத்தி வைத்து நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு பிறகு மருந்துக்குப் போகும். பாரிஸ் வரைக்கும் விமானக் காசு கொடுத்து வாறீங்கள், இதில் மட்டும் கணக்குப் பார்ப்பதா? காலையிலேயே காசைக் கட்டிவிட்டுப் போங்கோ.

பழைய பூங்கா:
லாச்சப்பல் தம்பிக்கு: 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலுக்குத் தனி அரசர் இல்லை, ஸ்பானிய அரசர்தான் இரண்டு முடியையும் வைத்திருந்தார். ஸ்பெயினில் மூன்றாம் பிலிப், போர்த்துக்கலில் அதே ஆள் இரண்டாம் பிலிப். ஒலிவேறா வந்தது அவருடைய படைத்தளபதியாகத்தான். மட்ரிட்டில் இருந்து நேரே கட்டளை வந்தது என்று நான் சொல்லவில்லை, கோவாவில் இருந்த போர்த்துக்கேய அதிகாரிகள்தான் இங்கத்தையக் காரியங்களைப் பார்த்தார்கள், அந்தாளுக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் என்று தெரிந்திருந்தாலே பெரிய விஷயம். ஆனால் முடி அவருடையது.

சிலையைப் பற்றியும் ஒன்று. 1616 இல் இத்தாலியில் செய்து கொண்டுவந்தது, வேறு இடத்தில் நின்று 1848 இல்தான் சதுக்கத்துக்கு வந்தது. 1931 இல் அரசரைத் துரத்திக் குடியரசு வந்தபோது சனம் அந்தக் குதிரையை உடைத்ததாம், உடைந்த வயிற்றுக்குள்ளிருந்து குருவி எலும்புகள் கொட்டியதாம். குதிரையின் வாய் திறந்திருந்ததால் உள்ளே போன குருவிகள் வெளியே வர வழியில்லாமல் செத்திருக்கின்றன. திருத்தும்போது வாயை அடைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். மருமகனுக்கு இதைச் சொல்லுங்கள், மற்றச் சரித்திரம் எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேட்பான்.

வெலிங்டன் சந்தி:
லைன் விஷயத்தில் லாச்சப்பல் சொல்வது பொய்யில்லை, ஆனால் ஒரேயடியாக வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. முதல் அரை மணித்தியாலம்தான் நெரிசல், லைன் வேகமாக நகரும். ஆறே காலுக்குப் போல ஆறுதலாகப் போனால் கன நேரம் நிற்கத் தேவையில்லை. வடக்குப் பக்கம் ஓவியர் கோயாவின் சிலை நிற்கிற வாசலில்தான் இலவச ரிக்கெற் எடுக்க வேணும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள், உள்ளே இரவலாகத் தருவார்கள்.

இலவச நேரத்தில் போகிறவர் முழு மியூசியத்தையும் பார்க்க நினைத்தால் ஒன்றையும் பார்க்கமாட்டார். மூன்று அறை போதும். 12ஆம் அறையில் வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸ், 1656 இல் வரைந்தது. அரசரின் சின்ன மகள் நடுவில், பக்கத்தில் தோழிப் பெண்கள், ஒரு நாய், இடப் பக்கம் வெலாஸ்கெஸே தூரிகையோடு நிற்கிறார். பின் சுவரில் ஒரு கண்ணாடி, அதற்குள் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிவார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் படத்தில் எல்லாரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். 56ஏ அறையில் பொஷ் வரைந்த மூன்று பலகைப் படம், சொர்க்கமும் நரகமும், மருமகனை அதிலிருந்து இழுத்து எடுக்கக் கஷ்டப்படுவீர்கள். 67ஆம் அறையில் கோயா வயதுபோன காலத்தில் தன் வீட்டுச் சுவரில் வரைந்த கறுப்புப் படங்கள். அதில் ஒன்றில் நாயின் தலை மட்டும் ஒரு சரிவுக்கு மேலே தெரியும், மிச்சம் முழுக்க வெறும் மஞ்சள். எனக்கு அந்த முழுக் கட்டிடத்திலும் பிடித்தது அதுதான், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், ஃபோனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று நாளுக்கு நான் என்றால் இப்படிச் செய்வேன். சனி காலை பிளாசா மயோர், அரண்மனைப் பக்கம். இரண்டு மணிக்குப் பிறகு தொல்லியல் மியூசியம், அங்கே எல்ச்சே சீமாட்டி என்று ஒரு கல்லுச் சிலை, கிறிஸ்துவுக்கு முன் நாலாம் ஐந்தாம் நூற்றாண்டு, காதை மூடி இரண்டு பக்கமும் வண்டிச் சில்லுப் போல ஆபரணம். கழுத்தில் இருக்கிற மாலைகளை அம்மா ஒவ்வொன்றாக எண்ணுவா. அங்கிருந்து தெபோத் கோயில். அது உண்மையான எகிப்துக் கோயில். அஸ்வான் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போக இருந்ததைக் கழற்றி, அபு சிம்பல் என்கிற இன்னொரு பழைய எகிப்துக் கோயிலைக் காப்பாற்ற உதவினதற்கு நன்றியாக 1968 இல் எகிப்து ஸ்பெயினுக்குக் கொடுத்தது. கல்லுக் கல்லாகப் பொருத்தி 1972 இல் திறந்தார்கள். உள்ளேயும் இலவசம், ஆனால் திங்கள் பூட்டு. சித்திரையில் அங்கே எட்டரை தாண்டித்தான் பொழுது படும், ஆறுதலாகப் போய்ப் பூங்காவில் இருங்கள். ஞாயிறு மத்தியானம் ரெய்னா சோபியா, பிறகு ரெதிரோ பூங்கா. திங்கள் மத்தியானம் தைசன், ஆறு மணிக்குப் பிராடோ, இரண்டும் ஒரே தெருவில்தான்.

கொக்குவிலாள்:
ஐயோ, இவ்வளவு வடிவாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. லாச்சப்பல் அண்ணா கோபிக்க வேண்டாம், ஆறே காலுக்குப் போய்ப் பார்க்கிறோம், லைன் நீளம் என்றால் அம்மாவுக்கும் எனக்கும் காசு கட்டிச் செவ்வாய்… இல்லை, செவ்வாய் விமானம். சரி, அப்படியென்றால் சனி இரவுக்கே ஒருதரம் முயற்சி செய்யலாம் போலிருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. கெர்னிக்கா படம் அம்மாவுக்கு விளங்குமா? அவ மியூசியம் என்று போனது நல்லூரில் உள்ளதற்கு மட்டும்தான். மற்றது, இலவச நடைச் சுற்றுலா என்று குடையோடு நிற்பார்களாமே, அது உண்மையில் இலவசமா?

சுண்டிக்குளி:
அம்மாவுக்கு விளங்குமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 1937 சித்திரை 26 ஆம் திகதி, திங்கட்கிழமை, சந்தை நாள், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை பிடித்த பிராங்கோவுக்கு உதவ வந்த ஜெர்மன் விமானங்கள் கெர்னிக்கா என்கிற சின்ன ஊருக்குக் குண்டு போட்டன. இவ்வளவும் சொன்னால் போதும். ஏழே முக்கால் மீற்றர் நீளப் படம், நிறமே இல்லை, கறுப்பும் வெள்ளையும் சாம்பலும். இடது மூலையில் செத்த பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் மேலே பார்த்துக் கத்துகிறாள், நாக்குக் கத்தி மாதிரிக் கூராக இருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஒவ்வொரு உருவத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா விமானம் எங்கே என்று கேட்டா. படத்தில் விமானம் இல்லை, அம்மா என்றேன். "பங்கருக்குள்ளை இருந்தால் விமானம் தெரியாதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டா. எனக்கு அங்கே நிற்கிறதா, அவவின் பின்னால் போகிறதா என்று தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், படத்துக்கு முன்னால் அம்மாவைக் கன நேரம் மறித்து வைக்காதீங்கள், அவ நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். இரண்டாம் மாடி, லிஃப்ற் இருக்கிறது.

இன்னொன்று, பிக்காசோ இதைப் பாரிஸ் கண்காட்சிக்காக வரைந்தார், ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பும்வரை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரை நியூயோர்க்கில் வைத்திருந்த படம் 1981 இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது, அப்போது அவர் உயிரோடு இல்லை.

லாச்சப்பல்:
கோபமெல்லாம் இல்லை, சகோதரி. குடைக்காரர் இலவசம்தான், ஆனால் முடிவில் எல்லாரும் தாளை எடுத்து நீட்டுவார்கள், நீங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அவர்களின் பிழைப்பும் அதுதான். ஆளுக்குப் பத்து யூரோ போலக் கொடுக்க மனமிருந்தால் போங்கோ, ஆனால் இரண்டரை மணித்தியால நடை, அம்மாவுக்குச் சரிவராது.

ஞாயிறு காலை ரஸ்த்ரோ சந்தைக்குப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. லா லத்தீனா பக்கம், தெருவெல்லாம் பழைய சாமான், திருநெல்வேலிச் சந்தையை விடச் சனம். அங்கிருந்து ரெய்னா சோபியா கிட்ட, நடந்தே போகலாம். சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கோ, கைப்பையை முன்னால் போடுங்கோ, பொக்கெற்றில் கை விடுகிற ஆட்கள் அங்கேயும் மெற்றோவிலும் கூட.

வெலிங்டன் சந்தி:
சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், அம்மா ஒரு நாளுக்கு மேல் பாணோடு இருக்கமாட்டா. ரெய்னா சோபியாவுக்குப் பின்னால் லவபியேஸ் என்கிற பகுதி, வங்காளிக் கடைகளும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன, சோறு கறி கிடைக்கும், உறைப்புக் கூடப் போடச் சொல்லிக் கேட்க வேணும். குழாய்த் தண்ணீர் நல்லது, போத்தல் வாங்கிக் காசைக் கரைக்காதீங்கள். பெரிய தோள்பையோடு பிராடோவுக்குள் விடமாட்டார்கள், வாசலில் வைக்க இடம் தருவார்கள், ஆனால் அதற்கும் ஒரு லைன்.