தக்கலை வீட்டுக் குழு: ஹாம்பர்க்கில் சோலார் போடலாமா?

ஜெபா: மாமா, அண்ணா, இங்கே ஜெர்மனியில் ஹாம்பர்க் வீட்டுக் கூரையில் 6 கிலோவாட் சோலார் போட விலை கேட்டோம். பேட்டரி இல்லாமல் 9,000 யூரோ, பேட்டரியோடு 14,000. போடலாமா?

தாசையன் மாமா: மக்ளே, அங்கே வெயிலே கிடையாதே! டிசம்பரில் நீ கூப்பிடும்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டியிருந்தது. இவ்வளவு பணத்தைக் கூரையில் கொண்டு போய் வைக்கணுமா?

ஜெபா: குளிர்காலம் மோசம்தான் மாமா. டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் 13 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். ஆனால் ஜூனில் பகல் 17 மணி நேரம். வருஷத்துக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 900 யூனிட் கிடைக்கும்.

ராஜன் அண்ணன்: நம்ம ஊரில் 1,400 பக்கம் வரும். ஆனால் இங்கே பேனல் கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். குளிரில் அந்த நஷ்டம் இல்லை. அது போகட்டும், யூனிட் என்ன விலை?

ஜெபா: 35 சென்ட். மிஞ்சுகிற கரண்டை நாங்கள் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் லைனுக்கு, கொடுத்தால் சுமார் 8 சென்ட், அந்த விலை 20 வருஷம் மாறாது. 2023 முதல் வீட்டு சோலாருக்கு வாட் (மதிப்புக் கூட்டு) வரியும் 0 சதவீதம்.

ராஜன் அண்ணன்: அப்படியென்றால் கணக்குப் பார். மொத்தம் 5,400 யூனிட். பகலில் நீங்களே 30 சதவீதம் செலவழித்தால் 1,620 யூனிட், அதில் 567 யூரோ மிச்சம். மீதியை விற்றால் 302. வருஷம் சுமார் 870 யூரோ. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனால் முதல் திரும்பிவிடும். பேனல் 25 வருஷம் தாங்கும், தாராளமாகப் போடு.

சுகந்தி மைனி: பனி கொட்டி மூடினால் என்ன செய்வாய்? கூரையில் ஏறித் தள்ளிவிடப் போகாதே, கால் வழுக்கும்.

ஜெபா: ஏற மாட்டேன் மைனி. 35 டிகிரி சரிவு, பெரும்பாலும் தானே சறுக்கி விழுந்துவிடும். அந்த மாதங்களில் எப்படியும் கரண்ட் கொஞ்சம்தான் வரும்.

தாசையன் மாமா: அப்போ இவ்வளவு வெயில் அடிக்கிற என் வீட்டில் போட்டால் இன்னும் சீக்கிரம் திரும்புமே ராஜா?

ராஜன் அண்ணன்: இல்லை மாமா. உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஏசியும் கிடையாது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தந்தாலும், மிச்சம் பிடிக்க உங்கள் பில்லில் என்ன இருக்கிறது? வெயிலைவிட யூனிட் விலைதான் முக்கியம். ஏசி ஓடுகிற வீட்டுக்கு இங்கேயும் லாபம்தான்.

ஜெபா: அண்ணா, பேட்டரி?

ராஜன் அண்ணன்: இப்போது வேண்டாம். பேட்டரி வைத்தால் இன்னொரு 1,700 யூனிட்டை நீங்களே பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொள். 35 சென்ட் கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, 8 சென்ட்டுக்கு விற்கிறதை நீங்களே எடுக்கிறீர்கள், யூனிட்டுக்கு 27 சென்ட் லாபம். வருஷம் 460 யூரோகூட வராது. 5,000 யூரோ திரும்ப 11 வருஷம் ஆகும், வாரண்டியோ பெரும்பாலும் 10 வருஷம். டிசம்பரில் சேமித்து வைக்க மிச்ச கரண்டும் இருக்காது. ஜூனில் சேர்த்ததை அதுவரைக்கும் வைத்திருக்க வீட்டு பேட்டரியால் முடியாது.

ஜெபா: கார் எலெக்ட்ரிக் ஆக்கினால்?

ராஜன் அண்ணன்: அப்போது பகலில் காரை வீட்டில் நிறுத்திச் சார்ஜ் போட முடியுமா என்று பார். முடிந்தால் நீங்களே செலவழிக்கிற அந்த 30 சதவீதப் பங்கு பேட்டரி இல்லாமலே கூடிவிடும். பின்னால் பேட்டரி சேர்க்கிற மாதிரி ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட எவ்வளவு கூடுதல் என்று மட்டும் கேள்.

ஜெபா: சரி அண்ணா, அதற்குத் தனியாக விலை போட்டுத் தரச் சொல்கிறேன். வந்ததும் இங்கேயே அனுப்புகிறேன்.