புதுப்பிப்பு: மஃபின் மாவை யார் கலக்குறது?

8 வயசும் 5 வயசும் ரெண்டு பேருமே மாவு கலக்கணும்னு அடம் பிடிக்கிறாங்க, மஃபின் ரப்பர் மாதிரி ஆகாம எப்படிப் பார்த்துக்கிறதுன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, இப்ப நல்லா வருது.

வேலையைப் பிரிச்சதுதான் கைகொடுத்துச்சு. சின்னவளுக்கு கறுத்துப்போன 3 வாழைப்பழம், ஒரு ஃபோர்க். அவ எவ்வளவு நேரம் மசிச்சாலும் கெடுதல் இல்ல, அதுல மைதா கிடையாதே! சர்க்கரை, எண்ணெய், தயிரையும் அதிலேயே அடிச்சுக்கிறா. பெரியவன் ஒன்றரை கப் மைதா, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, சிட்டிகை உப்பு சலிக்கிறான். ரெண்டையும் சேர்த்த பிறகுதான் கவனம் வேணும். ஈரம் பட்ட மைதாவைக் கலக்கக் கலக்க குளூட்டன் (மைதாவுல இருக்கிற, மாவை இழுபட வைக்கிற புரதம்) இறுகும். அதனால ஆளுக்குக் கொஞ்சம் கரண்டியால மடிச்சுவிட்டு, அங்கங்க மாவுக்கட்டி தெரியும்போதே நிறுத்திடுறோம். தயிர் பட்டதும் சோடா பொங்க ஆரம்பிச்சிடும், கலந்த மாவை அப்படியே வச்சிருக்கக் கூடாது. அதனால ஓவனை முன்னாடியே சூடாக்கிடுறேன். 180 டிகிரி, 20 நிமிஷம்.

பச்சை மாவை மட்டும் நக்க விடுறதில்ல. முட்டை போடலைன்னாலும் வேகாத மைதாவுல கிருமி இருக்கலாம். இதுல நான் கண்டிப்புதான்.

அடுத்து பாதி மைதாவுக்குப் பதிலா ராகி. அதுல குளூட்டனே இல்ல, ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் கலக்கலாம்.