செஸ்னா 172-ல போர்ட்டபிள் ஜிபிஎஸ் எங்க மாட்டுறது? யோக்லயா, கண்ணாடிலயா, தொடைலயா?

ஹில்கன்ட்ரி_பறவை:
வணக்கம் மக்களே. டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கம் இருக்கேன், பிரைவேட் லைசென்ஸ் கையில வந்தாச்சு, இப்ப க்ளப் விமானம் ஒண்ண வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டிருக்கேன், 1975 செஸ்னா 172 எம். பேனல்ல ரெண்டு ரேடியோ, ஒரு விஓஆர் (தரை ரேடியோ நிலையத்த வச்சு திசை காட்டுறது), ட்ரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு நம்மள அடையாளம் காட்டுறது), அவ்ளோதான், ஜிபிஎஸ்னு எதுவும் கிடையாது. இந்தப் பக்கம் ஆஸ்டின், அந்தப் பக்கம் சான் அன்டோனியோ, ரெண்டும் க்ளாஸ் சி ஏர்ஸ்பேஸ், கன்ட்ரோலரோட பேசிட்டுத்தான் உள்ள நுழையணும், அதனால நாம எங்க இருக்கோம்னு கண்ணு முன்னாடி ஒரு மேப் இருந்தா நிம்மதியா இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல கார்மின் ஏரா 660 போர்ட்டபிள் ஜிபிஎஸ் ஒண்ணு வாங்கியிருக்கேன், கூட ஐபேட் மினில ஃபோர்ஃப்ளைட் மேப் ஆப் இருக்கு. பகல்ல, விஎஃப்ஆர் (வெளிய கண்ணால பாத்துப் பறக்குறது) மட்டும்தான் பறக்கிறேன்.

கேள்வி என்னன்னா ஏராவ எங்க மாட்டுறது? யோக்ல (விமானத்த ஓட்டுற கைப்பிடி) க்ளாம்ப் போடுன்னு ஒருத்தர் சொல்றார், விண்ட்ஷீல்ட்ல சக்ஷன் கப் போதும்னு இன்னொருத்தர் சொல்றார். க்ளப் விமானம்கிறதால துளை போடுற பேச்சுக்கே இடமில்ல. வெயில் வேற இங்க தெரியும்ல, ஜூலைல ராம்ப்ல (விமானம் நிறுத்துற இடம்) நிக்கிற விமானத்துக்குள்ள உக்காரவே முடியாது. எப்படி மாட்டியிருக்கீங்கன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

செரோக்கி_140:
தம்பி, நான் ரொம்ப வருஷமா யோக்லதான் மாட்டுறேன், ரேம் மவுண்ட்ல பி சைஸ் பால், அதாவது 1 இன்ச் உருண்டை, ஏரா 660 எடைக்கு அதுவே தாராளம், 1.5 இன்ச் சி சைஸ் தேவையே இல்ல. கை பக்கத்துலயே ஸ்க்ரீன், தொட்டு ஜூம் பண்றது சுலபம், கொஞ்சம் குலுங்கினாலும் விரல் தப்பாது.

ஆனா மாட்டின உடனே கிளம்பிடாத. எஞ்சின் போடறதுக்கு முன்னாடி யோக்க முழுசா முன்னால தள்ளிப் பாரு, முழுசா பின்னால இழு, ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பு, பின்னால இழுத்தபடியே திருப்பு, முன்னால தள்ளினபடியே திருப்பு. தண்டுல க்ளாம்ப் போட்டா முழுசா தள்ளும்போது ஜிபிஎஸ் முதுகு பேனல்ல போய் முட்டும், அப்ப உன் எலிவேட்டர் (மூக்க ஏத்தி இறக்குற வால் பலகை) முழுசா இறங்காது. நேரா பறக்குறப்ப இது எதுவுமே தெரியாது, கிராஸ்விண்ட்ல (பக்கவாட்டுக் காத்து) இறங்கறப்ப எய்லரான (இறக்கைய சாய்க்கிற பலகை) முழுசா திருப்புவ பாரு, அப்பதான் முட்டியில வந்து இடிக்கும். அதே மாதிரி ஃப்ளேர்ல, அதாவது தரைய தொடுறதுக்கு முன்னாடி மூக்க தூக்குறப்ப, யோக்க வயித்துக்கிட்ட இழுப்ப, நீ சீட்ட முன்னாடி தள்ளி உக்காருற ஆளா இருந்தா இடம் பத்துதான்னு முதல்ல பாத்துக்கோ.

இன்னொண்ணு, 172-ல கன்ட்ரோல் லாக் பின் (நிக்கிறப்ப காத்துல கன்ட்ரோல் ஆடாம பூட்டுறது) யோக் தண்டுல இருக்குற துளைக்குள்ளதான் போகும், க்ளாம்ப் அந்தத் துளைய மூடினா பறந்து முடிச்சதும் லாக் போட முடியாது, டெக்சாஸ் காத்துல லாக் போடாம விமானத்த விட்டுட்டுப் போகவே கூடாது.

ரிவெட்_கை:
நான் ஏ அண்ட் பி (விமானப் பராமரிப்பு லைசென்ஸ்) மெக்கானிக், டல்லாஸ் பக்கம். மேல சொன்ன சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் யோக்ல மாட்டச் சொல்ல மாட்டேன். கன்ட்ரோல்ல எதையும் தொங்க விடாம இருக்க வழி இருந்தா அந்த வழியிலதான் போகணும்ங்கிறது என் கருத்து. அதோட பழைய 172-ல மாஸ்டர், மேக்னெட்டோ, ப்ரைமர்னு கரண்ட், எஞ்சின் ஸ்விட்ச் எல்லாம் இடது பக்கம் கீழ, யோக்குக்குப் பின்னாடி இருக்கு, அவசரத்துல அதத் தேடுற நேரத்துல நடுவுல ஒரு ஸ்க்ரீன் நிக்கக்கூடாது.

விண்ட்ஷீல்டும் வேண்டாம் தம்பி. அது கார்ல இருக்குற கண்ணாடி இல்ல, அக்ரிலிக், வெயில்ல சூடாகி நிக்கிறப்ப அதே இடத்துல திரும்பத் திரும்ப கப்ப அழுத்தினா மெல்லிசா விரிசல் விழும், அம்மோனியா இருக்குற க்ளீனர் போட்டுத் துடைச்சா இன்னும் மோசம். கப் பிடிச்சு நிக்கிறதே வெளிக்காத்து அழுத்துறதாலதான், 10,000 அடி போனா அந்த அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய 70 சதவீதம்தான், கீழ கெட்டியா நின்னது மேல போனா கழண்டு விழலாம். அதனால கப் எங்க ஒட்டினாலும் ஒரு சின்னக் கயிறு கட்டி வை, விழுந்தா ரடர் பெடலுக்கு அடியில போய் உருளக்கூடாது.

காம்பஸ்தான் நிறைய பேர் மறந்துடுறது. ரேடியோ எல்லாம் ஆன்ல வச்சு, எஞ்சின் ஓடிட்டிருக்க, ஒரே திசையில நிக்கிறப்ப காம்பஸ் என்ன காட்டுதுன்னு பாரு, அப்புறம் ஜிபிஎஸ், மவுண்ட், ஐபேட் ஒவ்வொண்ணா அதது இருக்கப்போற இடத்துக்குக் கொண்டு வா. அசைஞ்சுதுன்னா அந்த இடம் சரியில்ல. காம்பஸ் பக்கத்துல ஒட்டியிருக்குற கார்டுல 30 டிகிரிக்கு ஒருக்கா திருத்தம் எழுதியிருக்கும், அது இதெல்லாம் இல்லாதப்ப எடுத்த கணக்கு. காந்தம் வச்ச ஃபோன் ஹோல்டர், ஐபேட்டோட காந்தக் கவர் ரெண்டையும் க்ளேர்ஷீல்ட் (பேனலுக்கு மேல இருக்குற தட்டு) பக்கமே கொண்டு வராத.

சார்ஜர் விஷயம். உன் 172 எம் 14 வோல்ட் சிஸ்டம், 172 எஸ் மாதிரி புதுசுல 28 வோல்ட், ரெண்டுக்கும் தாங்குற சார்ஜரா வாங்கு. மலிவான கார் சார்ஜர் சிலது ரேடியோல இரைச்சல் கிளப்பும். ஸ்க்வெல்ச்ச (இரைச்சல அடக்குற வசதி) திறந்து வச்சு ஏடிஐஎஸ் (ஏர்போர்ட்டோட பதிவு செஞ்ச வானிலை அறிவிப்பு) கேளு, சார்ஜர சொருகு, பிடுங்கு, வித்தியாசம் காதுலயே தெரியும். எதிர்த்திசையிலயும் தொந்தரவு உண்டு, 121.175, 131.275 மாதிரி சில அலைவரிசைகள்ல ரேடியோ பேசினா அதோட 13-ஆம், 12-ஆம் ஹார்மோனிக் (அந்த அலைவரிசையோட 13 மடங்கு, 12 மடங்கு) ஜிபிஎஸ்ஸோட 1575.42 மெகாஹெர்ட்ஸ் கிட்டயே போய் விழும், அந்த நேரம் சிக்னல் விட்டுட்டா ஜிபிஎஸ் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம்.

சட்டம் பத்தி சுருக்கமா: எலக்ட்ரானிக் கருவிகளைப் பத்தின எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை) விதி 91.21 ஏர்லைனுக்கும் ஐஎஃப்ஆர் (கருவிகள நம்பிப் பறக்குற) ஃப்ளைட்டுக்கும்தான், பகல் விஎஃப்ஆர்ல உனக்குத் தடை இல்ல. கழட்டி எடுத்துட்டுப் போற க்ளாம்ப், கப் ஓகே. பேனல வெட்டி டாக் (ஜிபிஎஸ்ஸ சொருகுற தாங்கி) வைக்கிறது, விமானத்து வயரிங்கோட இணைக்கிறது எல்லாம் மெக்கானிக் செஞ்சு லாக்புக்ல எழுதுற வேலை.

மேகம்_தொடும்_மீனா:
ஐபேட் பத்தி ஒண்ணு சேர்த்துக்கிறேன் ப்ரோ. உங்க மினி செல்லுலார் மாடலா, வெறும் வைஃபை மாடலா? வைஃபை மாடல்ல ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, வெளில ஒரு ரிசீவர் வச்சு ப்ளூடூத்லயோ வைஃபைலயோ இணைக்கணும். செல்லுலார்னா சிம் போடலன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

அடுத்து வெயில். 35 டிகிரி வரைக்கும்தான் அத பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் சொல்லுது, உங்க ஊர் ஜூலைல மத்தியானம் அது தாண்டிடும். விண்ட்ஷீல்ட் பக்கம் நேர் வெயில்ல வச்சா டெம்பரேச்சர் வார்னிங் போட்டு ஸ்க்ரீன் போயிடும், அதுவும் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்தா சீக்கிரமாவே. நான் நீபோர்டுல (தொடைல கட்டுற பலகை), தொடை மேல நிழல்லதான் வைக்கிறேன், 172-ல விண்ட்ஷீல்ட் மேல் மூலைல இழுக்குற காத்துக்குழாய் இருக்குல்ல, அதை கொஞ்சம் நம்ம பக்கம் திறந்து விட்டா நல்லாவே தாங்குது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுறவங்களா இருந்தா ஸ்க்ரீன படுக்கையா திருப்பினா கருப்பாகுதான்னு தரையிலயே பாத்துடுங்க.

ஹில்கன்ட்ரி_பறவை:
அண்ணா, சார், மீனா, ரொம்ப நன்றி. ஐபேட் செல்லுலார் மாடல்தான், அது தொடைக்குப் போகுது. நான் 5 அடி 4 அங்குலம், சீட்ட நல்லா முன்னாடி தள்ளித்தான் உக்காருவேன், அண்ணன் சொன்ன மாதிரி யோக்க முழுசா இழுத்துப் பாத்தேன், நீபோர்டும் இருந்தா நடுவுல இடமே இல்ல. அப்ப ஏராவுக்கு இடது பக்க ஜன்னல் சரியா வருமா?

செரோக்கி_140:
அப்படின்னா யோக்க விட்டுடு தம்பி, உனக்கு அது வேண்டாம். ஜன்னலே நல்லது. ஆனா முன் மூலைல, கீழ ஒட்டு. நடுவுல ஒட்டினா லெஃப்ட் பேட்டர்ன்ல (இறங்க ரன்வேய இடது பக்கமா சுத்தி வர்ற பாதை) பேஸ்ல இருந்து ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேரா, திரும்புறப்ப ரன்வேயும் மறையும், வர்ற விமானமும் மறையும்.

ரிவெட்_கை:
ஜன்னல் சரி. 172-ல அந்த ஜன்னல் திறக்கும், ஏரா மேல இருக்கும்போது திறக்காத. வயர டோர் ஹேண்டிலுக்குக் குறுக்க விடாம டோர் போஸ்ட் ஓரமா கொண்டு போ, அவசரமா இறங்கறப்ப கையிலயோ கால்லயோ மாட்டக்கூடாது.

கன்ட்ரோல் பக்கத்துல எதையும் தளர்வா விடாதன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2014 பிப்ரவரில பிரிட்டிஷ் விமானப்படையோட வாயேஜர், ஏ330 வகை பெரிய விமானம், ஆப்கானிஸ்தான் போற வழியில கேப்டனோட கேமரா சைட்-ஸ்டிக்குக்கும் (யோக்குக்குப் பதிலா பக்கத்துல இருக்குற கன்ட்ரோல் குச்சி) சீட் கைப்பிடிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு, சீட்ட முன்னாடி நகர்த்தினதும் கேமரா ஸ்டிக்க தள்ளிடுச்சு, 27 நொடில 4,400 அடி கீழ போயிடுச்சு. அவ்வளவு உயரத்துல இருந்ததால மீட்டெடுக்க முடிஞ்சுது. நீ பேட்டர்ன்ல பறக்குறது 1,000 அடில.

பறந்து முடிச்சதும் கப், உருண்டை, வயர் எல்லாத்தையும் கழட்டி பைல போட்டுக்கோ, அடுத்து அந்த விமானத்த எடுக்கறவர் உயரமும் சீட் நிலையும் வேறயா இருக்கும்.

ஹில்கன்ட்ரி_பறவை:
சரி சார். சனிக்கிழமை காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போய் காம்பஸ், சார்ஜர் ரெண்டையும் ராம்ப்லயே டெஸ்ட் பண்ணிட்டு, கப் ஒட்டின இடத்த ஃபோட்டோ எடுத்து இங்க போடுறேன்.